கம்ப்யூட்டர் போனாலும் கல்யாணப் படம் போகாது!

அடையாறு வெள்ளம் கற்றுத் தந்த பாடம்

பள்ளிச் சான்றிதழ் தொலைந்து போனால் வேறு வாங்கி விடலாம். ரேஷன் கார்டு தொலைந்து போனால் அதற்கும் நகல் கிடைக்கும்.

காலமாகி விட்ட பாட்டியின் குரல் தொலைந்து போனால்? குழந்தை முதன்முதலாக நடந்தபோது எடுத்த படம் அழிந்து போனால்? அதை யார் தருவார்கள்?

இந்தக் கேள்வியைச் சென்னை மக்கள் பலர் ஒரே இரவில் சந்திக்க நேர்ந்தது.

ஆறு வீட்டுக்குள் வந்தது

2015-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 1-ந் தேதி. வானம் பொத்துக் கொண்டது போல் மழை கொட்டியது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டி மீட்டர் மழை! செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பியது. உபரி நீர் அடையாறு ஆற்றில் திறந்து விடப்பட்டது. வழியில் இருந்த ஏரிகளின் நீரும் அதோடு சேர்ந்து கொண்டது.

இரவோடு இரவாக ஆறு கரையைத் தாண்டியது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், அடையாறு என்று ஆற்றோரப் பகுதிகள் எல்லாம் வெள்ளக்காடு ஆயின. மின்சாரம் நின்றது. டெலிபோன் நின்றது. தரைத் தளத்தில் இருந்தவர்கள் குழந்தைகளைத் தூக்கிக் கொண்டு மாடிக்கு ஓடினார்கள்.

உயிர் பிழைத்தால் போதும் என்ற நேரம் அது. மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியை யார் நினைப்பார்கள்?

தண்ணீர் வடிந்தது. சேற்றை வாரிக் கொட்டினார்கள். அப்போதுதான் போனவை எவை என்று கணக்குப் பார்த்தார்கள். கட்டில், மெத்தை, பிரிட்ஜ், பாட புத்தகம், சான்றிதழ், ஆல்பம், கம்ப்யூட்டர். எல்லாம் சேறு!

திரும்பி வந்தவை எவை?

அரசாங்கம் சிறப்பு முகாம்கள் நடத்தியது. வெள்ளத்தில் போன சான்றிதழ்களுக்கு நகல் கொடுத்தார்கள். பாழாய்ப் போன பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கட்டணம் வாங்காமல் வேறு பாஸ்போர்ட்டு தந்தார்கள்.

எப்படித் தர முடிந்தது? காரணம் மிகவும் எளியது. மாணவன் கையில் இருந்த தாள் நனைந்து போயிற்று. ஆனால் அவன் வாங்கிய மார்க்கு வேறொரு அலுவலகத்தின் பதிவேட்டிலும் இருந்தது. ஒன்று போனாலும் இன்னொன்று இருந்தது.

வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருந்த கல்யாணப் படங்கள் அப்படி அல்ல. பல வீடுகளில் அவை ஒரே இடத்தில்தான் இருந்தன. அந்த ஒரு இடமும் தண்ணீருக்குள் போயிற்று.

வெள்ளம் வந்தால்தான் இப்படி ஆகும் என்று எண்ண வேண்டாம். வெயில் காயும் நாளிலும் இது நடக்கும். எப்படி என்று தெரிந்து கொள்ள, அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சுழலும் தட்டு

கம்ப்யூட்டரில் நீங்கள் சேர்த்து வைக்கும் படம், பாட்டு, கணக்கு, கடிதம் எல்லாம் ஒரு சிறு பெட்டிக்குள் போய்த் தங்குகின்றன. அதற்கு ஹார்டு டிஸ்க் என்று பெயர்.

இதை முதன் முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி. ஆண்டு 1956. அதில் 50 தட்டுகள் இருந்தன. ஒவ்வொரு தட்டும் 2 அடி அகலம். எல்லாம் சேர்ந்து 50 லட்சம் எழுத்துக்களைத்தான் தாங்கும். இன்று கைப்பேசியில் எடுக்கும் நல்ல படம் ஒன்றிரண்டு வைத்தால் அது நிறைந்து விடும்!

இன்றைய ஹார்டு டிஸ்க் சட்டைப் பையில் அடங்கும். உள்ளே கண்ணாடி போல் பளபளக்கும் தட்டுகள் சுழல்கின்றன. வேகம் என்ன தெரியுமா? நிமிடத்துக்கு 5,400 சுற்று. சிலவற்றில் 7,200 சுற்று. உங்கள் வீட்டு மின் விசிறி நிமிடத்துக்கு 400 சுற்றுக்குள்தான் சுற்றுகிறது!

தட்டுக்கு மேலே ஒரு சிறு முள் பறந்து பறந்து எழுதுகிறது, படிக்கிறது. தட்டுக்கும் முள்ளுக்கும் இடையே உள்ள இடைவெளி, தலைமயிரின் பருமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு தூசி நுழைந்தால் போதும். பெட்டி கீழே விழுந்தால் போதும். முள் தட்டில் உரசும். உரசிய இடத்தில் இருந்தது அழிந்தது அழிந்ததுதான்.

புதிய கம்ப்யூட்டர்களில் எஸ்.எஸ்.டி. என்ற வேறு வகை வருகிறது. அதில் சுழலும் தட்டு இல்லை. அடி பட்டாலும் ஓரளவு தாங்கும். ஆனால் அதற்கும் ஆயுள் உண்டு. பழைய வகை சாவதற்கு முன் பெரும்பாலும் முனகும். புது வகை சில சமயம் சொல்லாமல் கொள்ளாமல் போய் விடும்.

முன் அறிகுறிகள்

நோய்க்கு அறிகுறி இருப்பது போல ஹார்டு டிஸ்க்குக்கும் உண்டு. "டக், டக்" என்று சத்தம் வரும். ஒரு படத்தைத் திறக்க வெகு நேரம் ஆகும். நேற்று திறந்த கடிதம் இன்று திறக்காது. கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று நின்று ஓடும்.

இப்படிக் கண்டால் உடனே முக்கியமானவற்றை வேறு இடத்தில் நகல் எடுங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப் போடாதீர்கள். "டக், டக்" சத்தம் வந்து விட்டால் மேலும் ஓட்டாமல் நிறுத்தி விடுவதே நல்லது. ஓட ஓடத் தட்டு கீறிக் கொண்டே போகும்.

சென்னை அண்ணா சாலைக்கு அருகில் ரிச்சி தெரு இருக்கிறது. கம்ப்யூட்டர் சாமான்களுக்குப் பேர் போன இடம். அது போன்ற தெருக்களில் உள்ள ரிப்பேர் கடைகளில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு இது:

"அண்ணே! கம்ப்யூட்டர் போனாப் போகட்டும். படத்தை மட்டும் எப்படியாவது எடுத்துக் கொடுத்துடுங்க."

"வேற எதிலேயாவது காப்பி வச்சிருக்கீங்களாம்மா?"

"இல்லீங்களே!"

அதற்கு மேல் கடைக்காரர் என்ன சொல்ல முடியும்?

நனைந்தால் என்ன செய்வது?

வெள்ளத்தில் நனைந்த ஹார்டு டிஸ்க்கை மின்சாரத்தில் மாட்டாதீர்கள். பலர் செய்யும் பெரிய தவறு இது. "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஒரு முறை போட்டால், பிழைக்க இருந்ததும் பிழைக்காது.

வெயிலில் காய வைப்பதும் தவறு. சேற்று நீர் தட்டின் மேல் காய்ந்தால் கறை கெட்டியாகப் பிடித்துக் கொள்ளும். ஈரத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். இதற்கென்றே உள்ள நிபுணர்களிடம் கொண்டு போங்கள். தூசியே இல்லாத அறையில் வைத்துத் திறந்து பார்ப்பார்கள். ஆனால் செலவு அதிகம். கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஓர் அதிசயம் கேளுங்கள். 2003-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி கொலம்பியா விண்வெளி ஓடம் வானத்திலேயே சிதறியது. நமது கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் உயிர் இழந்தார்கள். அந்த ஓடத்தில் இருந்த ஒரு ஹார்டு டிஸ்க் தீயில் கருகி, பூமியில் விழுந்து, சுமார் 6 மாதங்களுக்குப் பிறகு அமெரிக்காவில் வற்றிப் போன ஓர் ஏரிப் படுகையில் கிடைத்தது. நிபுணர்கள் அதைக் கழுவித் துடைத்து, அதில் பதிந்திருந்த ஆராய்ச்சி விவரங்களில் 99 சதவீதத்தை மீட்டு விட்டார்கள்!

ஆனால் அதே ஓடத்தில் இருந்து வந்த வேறு இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் இருந்து ஒன்றும் எடுக்க முடியவில்லை. மீட்பது அதிர்ஷ்டம். அதை நம்பி வீட்டுப் படங்களை வைக்கலாமா?

ஏடு காத்த வழி

நகல் எடுத்து வைக்கும் புத்தி நமக்குப் புதிது அல்ல. நம் முன்னோர் பனை ஓலையில் எழுதினார்கள். ஓலையைக் கறையான் அரிக்கும், ஈரம் கெடுக்கும். அது பழுதாகும் முன்பே வேறு ஓலையில் பெயர்த்து எழுதினார்கள். மகன் எழுதினான். பிறகு பேரன் எழுதினான். இப்படித்தான் திருக்குறள் நம் கைக்கு வந்தது.

பெயர்த்து எழுதாதவை என்ன ஆயின? ஐம்பெருங்காப்பியம் என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். ஐந்தில் சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி ஆகிய மூன்றுதான் முழுமையாக இருக்கின்றன. வளையாபதியும் குண்டலகேசியும் போய் விட்டன. சில பாட்டுக்கள் மட்டுமே மிஞ்சின. அந்தச் சில பாட்டுக்கள் எப்படி மிஞ்சின? வேறு புலவர்கள் தங்கள் உரைகளிலும் தொகுப்புகளிலும் அவற்றை எடுத்து எழுதி வைத்திருந்தார்கள். அடுத்த வீட்டில் இருந்த நகல் காப்பாற்றியது!

தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாத ஐயர் ஊர் ஊராகப் போய் ஏடு தேடியதை எல்லோரும் அறிவார்கள். ஒரு நூலுக்கு ஓர் ஏடு கிடைத்ததும் அவர் நின்று விடவில்லை. அதே நூலின் வேறு ஏடுகளையும் தேடினார். ஓர் ஏட்டில் செல் அரித்த வரி, இன்னோர் ஏட்டில் நன்றாக இருக்கும். இரண்டையும் வைத்துப் பார்த்துச் சரி செய்தார். 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். அச்சில் ஏறியதும் ஒன்று நூற்றுக் கணக்கில் ஆயிற்று. இனி ஒரு வீட்டில் தீப்பிடித்தால் சிந்தாமணி சாகாது.

அவர் சேர்த்த ஏடுகளும் நூல்களும் இன்றும் இருக்கின்றன. அவர் 1942-ல் காலமானார். மறு ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியால் அடையாற்றில் அவர் பெயரில் நூல் நிலையம் தோன்றியது. இப்போது அது பெசன்ட் நகரில் உள்ளது. பக்கத்திலேயே, ஆற்றின் தென் கரையில், கர்னல் ஆல்காட் 1886-ல் தொடங்கிய அடையாறு நூலகத்திலும் ஆயிரக் கணக்கான ஓலைச் சுவடிகள் இருக்கின்றன.

நகல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1981-ம் ஆண்டு மே 31-ந் தேதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைத்தார்கள். சுமார் 97 ஆயிரம் நூல்களும் ஏடுகளும் சாம்பல் ஆயின. அச்சு நூல்களை வேறு இடத்தில் தேடி வாங்கலாம். வேறு நகல் இல்லாத கையெழுத்து ஏடுகளை எங்கே போய்த் தேடுவது?

மூன்று, இரண்டு, ஒன்று

இப்போது வீட்டுக்கு வருவோம். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் ஓர் எளிய கணக்கைப் பரப்பினார். நினைவில் வைப்பது சுலபம். மூன்று, இரண்டு, ஒன்று!

மூன்று: எதையும் மூன்று பிரதியாக வையுங்கள். கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று; நகல் இரண்டு.

இரண்டு: இரண்டு வகையான சாதனங்களில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் வைத்தால் மூன்றும் ஒன்றுதான்.

ஒன்று: ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும்.

மூன்றாவது விதிதான் அடையாறு மக்களுக்கு முக்கியம். கம்ப்யூட்டருக்குப் பக்கத்து அலமாரியில் நகலை வைத்தவர்களுக்கு வெள்ளத்தின்போது என்ன பலன்? இரண்டும் சேர்ந்தே நனைந்தன. மயிலாப்பூரில் இருப்பவர் மதுரையில் உள்ள தம்பி வீட்டில் ஒன்று வைக்கலாம். தம்பியின் நகலை இவர் வாங்கி வைக்கலாம். இன்டர்நெட் வழியே "கிளவுடு" என்ற சேமிப்பு இடத்திலும் வைக்கலாம். அங்கே சிறிது இடம் இலவசம். அதிக இடம் வேண்டும் என்றால் மாதக் கட்டணம்.

கிளவுடு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சில முறைகளில், இங்கே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழிந்து விடும். ஆகவே அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

வீட்டில் வைக்கும் நகலுக்குத் தனியாக ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்குங்கள். கம்ப்யூட்டரில் இருப்பதைப் போல் இரு மடங்கு கொள்ளளவு இருந்தால் நல்லது. விண்டோஸ் கம்ப்யூட்டரில் "பைல் ஹிஸ்டரி" என்றும், ஆப்பிள் கம்ப்யூட்டரில் "டைம் மெஷின்" என்றும் ஓர் ஏற்பாடு உள்ளது. ஒரு தடவை சொல்லிக் கொடுத்து விட்டால், டிஸ்க்கை மாட்டும் போதெல்லாம் அதுவே நகல் எடுக்கும்.

நகல் எடுத்து முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி விடுங்கள். இது மிக முக்கியம். 2017-ம் ஆண்டு மே மாதம் "வானாக்ரை" என்ற கொள்ளைக்காரப் புரோகிராம் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்டது. அப்படி ஒன்று வந்தால், மாட்டி இருக்கும் நகல் டிஸ்க்கும் சேர்ந்து பூட்டிக் கொள்ளும். கழற்றி வைத்த டிஸ்க்கை அது தொட முடியாது.

கைப்பேசியில் உள்ள படங்களையும் மறக்க வேண்டாம். இன்று பெரும்பாலான குடும்பப் படங்கள் அதில்தான் இருக்கின்றன. மாதம் ஒரு முறை அவற்றைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள்.

நகல் நல்ல நகலா?

நகல் எடுத்தாயிற்று என்று நிம்மதியாகத் தூங்கலாமா? கூடாது. அது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் பிக்ஸார் என்ற பெரிய கம்பெனி கார்ட்டூன் படங்கள் எடுக்கிறது. 1998-ல் "டாய் ஸ்டோரி 2" என்ற படத்தைத் தயாரித்துக் கொண்டிருந்தார்கள். யாரோ தவறுதலாக ஒரு கட்டளை கொடுத்தார்கள். படத்தின் பெரும் பகுதி கண் எதிரே அழிந்தது!

"நகல் இருக்கிறதே!" என்று ஓடினார்கள். நகல் சரியாகப் பதியவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

காலின் சஸ்மன் என்ற பெண்மணி அந்தப் படத்தில் வேலை செய்து வந்தார். குழந்தை பெற்றிருந்ததால் வீட்டில் இருந்தபடி வேலை பார்த்தார். அதற்காக அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்தார்கள். படம் 1999-ல் வெளிவந்தது.

பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி. ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உங்கள் நகலில் இருந்து பத்துப் படங்களை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். திறந்தால்தான் அது நகல்.

செத்த பிறகு பிழைக்க வைப்பது

நகல் இருந்தால் ஹார்டு டிஸ்க் செத்தாலும் கண்ணீர் விட வேண்டியது இல்லை. ஒவ்வொரு படியாகச் செய்யுங்கள்.

1. பதற்றத்தில் எதையும் அழிக்காதீர்கள். பழைய டிஸ்க்கைக் கழற்றி எடுத்து வையுங்கள்.

2. அதே அளவோ, பெரியதோ, ஒரு புதிய டிஸ்க் வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள்.

3. கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் போன்ற மூலப் புரோகிராமை வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் இருந்து பென் டிரைவில் எடுத்துப் புதிய டிஸ்க்கில் ஏற்றுங்கள். கம்பெனியின் சொந்த இடத்தில் இருந்தே எடுங்கள். யாரோ கொடுக்கும் திருட்டுப் பிரதி வேண்டாம்.

4. புதிய டிஸ்க் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகே நகல் டிஸ்க்கை மாட்டுங்கள். அதுவரை அதைத் தொட வேண்டாம்.

5. நகல் டிஸ்க்கில் இருந்து காப்பி எடுங்கள். வெட்டி மாற்றாதீர்கள். பாதியில் மின்சாரம் போனால் இரண்டு பக்கமும் இல்லாமல் போய் விடும்.

6. எல்லாம் வந்து விட்டதா என்று ஒவ்வொரு ஆண்டுப் படங்களையும் திறந்து பாருங்கள். பிறகு புதிதாக ஒரு நகல் எடுங்கள்.

சில கம்ப்யூட்டர்களில் உள்ளே இருப்பதைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு உண்டு. விண்டோஸில் அதற்கு 48 இலக்கச் சாவி எண் இருக்கிறது. அந்த எண் இல்லாவிட்டால் எந்த நிபுணராலும் திறக்க முடியாது. அதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

இன்று செய்யலாம்

2011-ம் ஆண்டு முதல் மார்ச் 31-ந் தேதியை உலக நகல் தினமாகச் சிலர் கொண்டாடி வருகிறார்கள். அதுவரை காத்திருக்கத் தேவை இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். போனால் திரும்ப வராதவை எவை என்று உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம். அது எங்கும் கிடைக்கும். கல்யாணப் படம், குழந்தையின் மழலை, பெரியவர்களின் குரல், வீட்டுப் பத்திரத்தின் நகல் ஆகிய இவற்றை முதலில் எழுதுங்கள்.

அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு இன்று மாலைக்குள் ஒரு நகல் எடுத்து விடுங்கள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இன்னொரு நகலைக் கையோடு எடுத்துப் போய்ச் சொந்தக்காரர் வீட்டு அலமாரியில் வைத்து விட்டு வாருங்கள்.